இங்கிலாந்தின் பழைய பாரிஷ் சர்ச்சுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ சுற்றிப் பார்க்கவோ போகிற நம்மவர்கள் பெரும்பாலும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயையும் செயின்ட் பால்ஸையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். போகிற வழியில் கிராமத்துக்கு ஒன்றாக நிற்கிற கல் சர்ச்சுகள் யார் கண்ணிலும் படுவதில்லை. ராஜாக்களின் கதைக்குப் பெரிய ஆலயங்கள் போதும். விவசாயி, தச்சன், ஆட்டு வியாபாரி, அவர்கள் வீட்டுப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று தெரிய வேண்டுமானால் இந்தச் சின்னச் சர்ச்சுகளுக்குத்தான் போக வேண்டும். அதனால் இவற்றைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளையும் பதில்களையும் ஒரே இடத்தில் தந்திருக்கிறேன்.

பாரிஷ் சர்ச் என்றால் என்ன? கதீட்ரலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கதீட்ரல் என்பது பிஷப்பின் தலைமை ஆலயம். பாரிஷ் சர்ச் ஒரு ஊருக்கோ சில கிராமங்களுக்கோ உரிய பங்கு ஆலயம். நாடு முழுக்க இப்படி எல்லை வகுத்துப் பங்குகளாகப் பிரித்திருந்தார்கள், அந்த எல்லைக்குள் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு அந்தச் சர்ச்சுக்குப் போகும். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் அங்கேதான். ஊர்க்கூட்டம், ஏழைகளுக்கு உதவி, சர்ச்சுக்குப் பணம் திரட்ட பீர் காய்ச்சி விற்கும் திருவிழா என்று மற்ற பொது வேலைகளும் அதைச் சுற்றியே நடந்தன. இன்றைக்கும் இங்கிலாந்து திருச்சபையின் கையில் சுமார் 16,000 சர்ச் கட்டடங்கள் இருக்கின்றன.

இருப்பதிலேயே பழையது எது?

எதைப் பழமை என்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தொடர்ந்து வழிபாடு நடந்துவருவதைக் கணக்கில் எடுத்தால் கேன்டர்பரியில் உள்ள செயின்ட் மார்ட்டின்ஸ். 597இல் அகஸ்டின் என்ற துறவி மதம் பரப்ப ரோமிலிருந்து வந்து இறங்குவதற்கு முன்பே, கென்ட் அரசன் எத்தல்பெர்ட்டின் மனைவி பெர்த்தா அங்கே ஜெபம் செய்துகொண்டிருந்தாள். அதன் சுவரில் ரோமானியர் காலத்துச் செங்கல்லை இன்றும் பார்க்கலாம்.

முழுக் கட்டடமாகப் பார்த்தால் எனக்குப் பிடித்தது டர்ஹம் பக்கத்தில் உள்ள எஸ்கோம். ஏழாம் நூற்றாண்டில் கட்டியது, உயரமாக, ஒடுக்கமாக, அலங்காரம் எதுவும் இல்லாமல் நிற்கிறது. அருகில் பாழடைந்து கிடந்த பின்செஸ்டர் ரோமானியக் கோட்டையிலிருந்து கல்லை எடுத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லப்படுகிறது. ஆறாவது ரோமானியப் படைப்பிரிவின் பெயர் வெட்டிய கல் ஒன்று வடக்குச் சுவரில் தலைகீழாக வைக்கப்பட்டிருக்கிறது. கட்டியவருக்கு அந்த எழுத்து தெரியவில்லையோ, கல் சரியாகப் பொருந்தினால் போதும் என்று நினைத்தாரோ, எப்படியோ ஆயிரத்து முந்நூறு வருஷமாக அது அப்படியே இருக்கிறது.

மரத்தில் என்றால் எசெக்ஸில் உள்ள கிரீன்ஸ்டெட். ஓக் மரங்களை நெடுக்காகப் பிளந்து வரிசையாக நட்டுச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். மர வளையங்களைச் சோதித்ததில் அவை 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தெரியவந்தது.

ஒரே கட்டடம் ஏன் ஒரு பக்கம் ஒரு மாதிரி, இன்னொரு பக்கம் வேறு மாதிரி இருக்கிறது?

ஒரே சமயத்தில் கட்டி முடித்த சர்ச் அபூர்வம். காசு வந்தபோதெல்லாம் கூட்டியிருக்கிறார்கள், இடிந்தபோதெல்லாம் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். அரைவட்ட வளைவும் தடித்த தூணும் இருந்தால் பெரும்பாலும் நார்மன் காலம், அதாவது 11, 12ஆம் நூற்றாண்டு. கூரான வளைவு என்றால் அதற்குப் பிறகு. சுவரே தெரியாத அளவுக்குப் பெரிய ஜன்னல்கள் என்றால் 15ஆம் நூற்றாண்டு. ஒரு சர்ச்சுக்குள் இந்த மூன்றும் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. பலிபீடம் உள்ள கிழக்குப் பகுதியைப் பராமரிப்பது குருவின் பொறுப்பு, மக்கள் கூடும் நடுக்கூடத்தைப் பராமரிப்பது ஊர்க்காரர்களின் பொறுப்பு. ஊரில் பணம் புழங்கி, குரு செலவு செய்யாமல் இருந்தால் நடுக்கூடம் ஓங்கி நிற்கும், பின்னால் பலிபீடப் பகுதி குட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கிழக்குப் பகுதிப் பொறுப்பு சில இடங்களில் நிலத்தோடு சேர்ந்து கைமாறி, தனியார் தலையில் வந்து விழுந்திருக்கிறது. வார்விக்‌ஷயரில் உள்ள ஆஸ்டன் கேன்ட்லோவில் பண்ணை நிலம் வைத்திருந்த ஒரு தம்பதிக்கு, சர்ச் பழுதுபார்க்க ஒரு லட்சம் பவுண்டுக்குப் பக்கத்தில் பில் வந்தது. வழக்கு, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போய், 2003இல் அவர்கள் கட்டியே ஆக வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது.

சின்ன கிராமத்துக்கு எதற்கு அவ்வளவு பிரம்மாண்டமான சர்ச்?

ஆட்டுரோமம். 14ஆம் நூற்றாண்டிலிருந்து 16ஆம் நூற்றாண்டு வரை கம்பளி வியாபாரத்தில் சஃபோக், கோட்ஸ்வோல்ட்ஸ் பகுதிகளில் பணம் கொட்டியது. லேவனம் சர்ச் கோபுரத்தின் உயரம் 141 அடி, அதற்குப் பணம் கொடுத்தவர்களில் ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவும் தாமஸ் ஸ்ப்ரிங் என்ற துணி வியாபாரியின் குடும்பமும் உண்டு. நார்த்லீச்சில் தரையில் பதித்த பித்தளைத் தகடுகளைக் குனிந்து பாருங்கள். பிரபுக்கள் கல்லறையில் காலடியில் சிங்கமோ நாயோ இருக்கும், இந்த வியாபாரிகள் ஆட்டின் மேலும் ரோம மூட்டையின் மேலும் கால் வைத்து நிற்கிறார்கள். எதனால் பணக்காரன் ஆனோம் என்பதை அவர்கள் மறைக்கவே இல்லை.

உள்ளே சுவரெல்லாம் வெள்ளையாக இருக்கிறதே, எப்பவும் அப்படித்தானா?

இல்லவே இல்லை. சுவரெல்லாம் படமாக இருந்த காலம் ஒன்று உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்காகப் புனிதர் கதைகளும் கடைசித் தீர்ப்பும் வண்ணத்தில் எழுதப்பட்டிருந்தன. நடுக்கூடத்துக்கும் பலிபீடத்துக்கும் நடுவே, வளைவுக்கு மேலே, சொர்க்கம் ஒரு பக்கம் நரகம் ஒரு பக்கமாகத் தீர்ப்புநாள் ஓவியம் பார்க்கிறவரைப் பயமுறுத்தும்.

அரசர் எட்டாம் ஹென்றி ரோமில் இருந்த போப்போடு உறவை அறுத்துக்கொண்டார். அவருடைய மகன் ஆறாம் எட்வர்ட் ஆட்சியில், 1547க்குப் பிறகு, உருவங்களை அகற்ற உத்தரவு வந்தது. சிலைகளை உடைத்தார்கள், சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அடுத்த நூற்றாண்டில், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1643-44இல், வில்லியம் டவ்சிங் என்பவர் கேம்பிரிட்ஜ்‌ஷயரிலும் சஃபோக்கிலும் 250க்கும் மேற்பட்ட சர்ச்சுகளுக்குப் போய் மிச்சமிருந்த கண்ணாடி ஓவியங்களையும் சிலுவைகளையும் நொறுக்கினார். எங்கே எத்தனை உடைத்தோம் என்று நாட்குறிப்பும் எழுதிவைத்தார். இழந்தது என்னென்ன என்று இன்று தெரிய அந்த நாட்குறிப்பும் ஒரு வழி என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது.

சுண்ணாம்பு அழித்தது என்று சொல்கிறோம், ஆனால் அதே சுண்ணாம்புதான் பல ஓவியங்களை இன்றுவரை காப்பாற்றியிருக்கிறது. சஃபோக்கில் வென்ஹாஸ்டன் என்று ஒரு ஊர். 1892இல் அங்கே சர்ச்சைப் புதுப்பிக்கும்போது, வளைவை அடைத்துக்கொண்டிருந்த வெள்ளை அடித்த பழைய பலகைகளைக் கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். எரித்துவிடுவதாகத் திட்டம். அன்று இரவு மழை பெய்து சுண்ணாம்பு கரைந்துவிட்டது, காலையில் வந்து பார்த்தால் பலகைகளில் ஆட்கள், பிசாசுகள், நரகத்தின் வாய் எல்லாம் தெரிகின்றன. 15ஆம் நூற்றாண்டு முடிகிற காலத்துத் தீர்ப்புநாள் ஓவியம். இப்போது அது சர்ச்சுக்குள் மாட்டியிருக்கிறது. இடதுபுறம் பேதுருவின் முன்னால் நிற்கிறவர்களை உற்றுப் பாருங்கள், ஒருவர் உடம்பிலும் பொட்டுத் துணி இல்லை. தலையில் இருக்கும் கிரீடத்தையும் பிஷப் தொப்பியையும் வைத்துத்தான் யார் எந்தப் பதவி என்று சொல்ல முடியும். நடுவில் ஆள் உயரத்துக்கு வெறுமையாக இருக்கும் இடங்கள், சிலுவையும் மரியாள், யோவான் சிலைகளும் பொருத்தப்பட்டிருந்த தடம்.

யார்க்‌ஷயரின் பிக்கரிங்கில் 1852இல் இப்படியே சுவரோவியங்கள் வெளிப்பட்டபோது, ஜனங்களின் கவனம் சிதறும் என்று அங்கிருந்த குரு மறுபடியும் வெள்ளை அடித்துவிட்டார். சில பத்தாண்டுகள் கழித்துத்தான் மீட்டெடுத்தார்கள். கண்ணாடி ஓவியம் முழுசாகத் தப்பியதைப் பார்க்க வேண்டுமானால் க்ளோஸ்டர்‌ஷயரில் ஃபேர்ஃபோர்டுக்குப் போங்கள், 28 ஜன்னல்கள், எல்லாம் 1500ஐ ஒட்டிய காலத்தவை.

தூண்களிலும் சுவர்களிலும் கிறுக்கியிருக்கிறார்களே, அதெல்லாம் இப்போதைய வேலையா?

சிலது இப்போதையது, பலது 600 வருஷப் பழசு. தெற்குச் சுவரில் நடுவில் ஒரு துளையும் சுற்றிலும் கோடுகளும் இருந்தால் அது பூசை நேரம் பார்க்கும் சூரியக் கடிகாரம், துளையில் குச்சி செருகினால் நிழல் விழும். ஆனால் கட்டாயம் பார்க்க வேண்டியது ஹெர்ட்ஃபோர்டு‌ஷயரின் ஆஷ்வெல். கொள்ளைநோய் ஊரைத் தின்றுவிட்டுப் போன பிறகு, 1350 என்று குறித்து, கோபுரத்தின் உட்சுவரில் யாரோ லத்தீனில் கீறிவைத்திருக்கிறார். பரிதாபமான, வெறிபிடித்த காலம், சாட்சி சொல்ல மிஞ்சியது மக்களில் கசடு மட்டுமே என்று பொருள். அதோடு சேர்த்து, புனித மௌருஸ் நாளில் உலகம் முழுக்க இடித்த பெரும் புயலைப் பற்றியும் எழுதியிருக்கிறது. நம் கணக்கில் அது 1362 ஜனவரி 15. அப்போது இங்கிலாந்தில் மார்ச்சில்தான் ஆண்டு பிறக்கும் என்பதால் சுவரில் 1361 என்று இருக்கிறது. அரசாங்க ஆவணம் எத்தனை படித்தாலும் இந்த நாலு வரி கொடுக்கிற அதிர்ச்சி வராது.

பலிபீடத்துக்குப் பக்கத்தில் சுவரில் சின்னச் சின்னத் துளைகள் எதற்கு?

பொதுவாக, தூண் மறைக்கிற இடத்தில் நிற்பவருக்குப் பலிபீடம் தெரியச் சாய்வாகக் குடைந்த துளைகள் அவை. தொழுநோயாளிகள் வெளியே நின்று பார்ப்பதற்கு என்று பல சர்ச்சுகளில் சொல்வார்கள், அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

சில இடங்களில் அந்தத் துளைக்குப் பின்னால் ஒரு ஆள் வாழ்ந்திருக்கிறார். கடவுளுக்காகத் தன்னைச் சர்ச் சுவரை ஒட்டிய சிற்றறையில் அடைத்துக்கொண்டு, சாகும்வரை வெளியே வருவதில்லை என்று சபதம் எடுத்தவர்கள், அவர்களில் பெண்கள் அதிகம். நாரிச்சின் ஜூலியன் இவர்களில் பெயர் பெற்றவர். எனக்கு அவரைவிட நெருக்கமாகத் தோன்றுவது சர்ரேயில் ஷியர் என்ற ஊரின் கிறிஸ்டீன், தச்சர் ஒருவரின் மகள். 1329இல் வின்செஸ்டர் பிஷப்பிடம் மனுக் கொடுத்தாள், ஊரில் விசாரித்தார்கள், நல்ல பெண், யாருக்கும் கல்யாண வாக்குக் கொடுத்தவள் அல்ல என்று தெரிந்தபின் அனுமதி கிடைத்தது, உள்ளே போனாள். அப்புறம் மூன்று வருஷத்துக்குள் வெளியே வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்று ஆவணம் சொல்லவில்லை. 1332இல் மறுபடியும் உள்ளே போக அனுமதி கேட்டாள், கிடைத்தது. அதன் பிறகு அவளைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஷியர் சர்ச்சின் வடக்குச் சுவரில் நற்கருணை வாங்க ஒன்றும், பலிபீடத்தைப் பார்க்க ஒன்றுமாக இரண்டு சின்னத் திறப்புகள் இன்றும் இருக்கின்றன. ஒரு பெண் உலகத்தைப் பார்த்த மொத்த ஜன்னலும் அவ்வளவுதான் என்று அங்கே நின்றால் புரியும்.

பெஞ்சுகள் ஆரம்பத்திலிருந்தே இருந்தனவா?

இல்லை, எல்லோரும் நின்றார்கள் அல்லது மண்டியிட்டார்கள். முடியாதவர்களுக்குச் சுவரோரம் கல் திண்ணை இருக்கும். 15ஆம் நூற்றாண்டில்தான் பெஞ்சு பரவலாக வந்தது, அப்புறம் குடும்பத்துக்கு ஒன்றாகக் கதவு வைத்த அடைப்புகள், அதற்கு வாடகை, பணக்காரர் முன்னால் ஏழை பின்னால். பழைய பெஞ்சுகளின் ஓரப் பலகைகளில் ஊர்த் தச்சர்கள் தங்கள் இஷ்டத்துக்குச் செதுக்கியிருக்கிறார்கள். கார்ன்வாலின் ஜெனரில் ஒரு கடற்கன்னி, ஒரு கையில் சீப்பு, ஒரு கையில் கண்ணாடி.

சர்ச்சில் ஆபாசமான சிற்பம்கூட உண்டாமே?

உண்டு. ஹெர்ஃபோர்டு‌ஷயரின் கில்பெக்கில், 1140ஐ ஒட்டிக் கட்டிய சின்ன சர்ச்சின் கூரை விளிம்புக்குக் கீழே 80க்கும் மேற்பட்ட சிற்பத் தலைகள். நாயும் முயலும் ஒட்டி உட்கார்ந்திருக்கும், இசைக்கருவி வாசிக்கிற உருவம் இருக்கும், அவற்றோடு தன் பெண்குறியை இரு கையாலும் விரித்துக் காட்டும் ஒரு பெண்ணுருவமும் இருக்கும். காமத்துக்கு எச்சரிக்கை என்கிறார்கள், தீயசக்தியை விரட்ட என்கிறார்கள், பழைய தாய்த்தெய்வம் என்றும் சிலர் சொல்கிறார்கள். நம் கோவில் கோபுரங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்காது.

முறுக்கிய கோபுரம் எங்கே இருக்கிறது? பிசாசு முறுக்கியதா?

செஸ்டர்ஃபீல்டில். 228 அடி உயரம், சுமார் 45 டிகிரி முறுகி, ஒன்பதரை அடி சாய்ந்து நிற்கிறது. பிசாசு உட்கார்ந்து தும்மியது போன்ற கதைகள் ஊரில் நிறைய. காரணம் மரமும் ஈயமும்தான். 14ஆம் நூற்றாண்டில் காயாத பச்சை மரத்தை வைத்துக் கட்டினார்கள், குறுக்குச் சட்டம் போதவில்லை, மேலே 30 டன்னுக்கு மேல் ஈயத் தகடு. மரம் காயக் காயத் திருகியது, வெயில் படும் தெற்குப் பக்க ஈயம் அதிகம் விரிந்து அதை இன்னும் தள்ளியது. கொள்ளைநோயில் தேர்ந்த தச்சர்கள் செத்துப்போயிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சஃபோக்கின் பிளைத்பர்க் சர்ச் கதவில் பிசாசு நாயின் நகக்கீறல் என்கிறார்களே?

1577 ஆகஸ்ட் 4, ஞாயிறு, பெரும் புயல், கோபுரத்தில் இடி விழுந்து உள்ளே ஆட்கள் இறந்தார்கள். அதுவே கறுப்பு நாய் புகுந்த கதையாக ஆனது. கதவில் இருக்கும் கருகல் தழும்புகளைத் தொட்டுப் பார்க்கலாம். அங்கேயே கூரையில் மரத் தேவதைகள் இறக்கை விரித்திருக்கின்றன, அவற்றில் துப்பாக்கிச் சன்னம் பாய்ந்த துளைகள். டவ்சிங் ஆட்கள் சுட்டது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். ஆனால் உள்ளே புகுந்த காக்கைகளைச் சுட மருந்தும் சன்னமும் வாங்கிய 18ஆம் நூற்றாண்டுச் சர்ச் கணக்கு இருக்கிறது.

மணியை ஏன் ராகமாக அடிக்காமல் ஓயாமல் மாற்றி மாற்றி அடிக்கிறார்கள்?

இது இங்கிலாந்துக்கே உரிய கலை. மணியை முழுச் சக்கரத்தில் பொருத்தி, வாய் மேலே பார்க்க நிறுத்தி, கயிற்றை இழுத்தால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். இத்தனை கனத்தை வைத்துக்கொண்டு பாட்டு வாசிக்க முடியாது, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்து மணியோடு இடம் மாற்றிக்கொள்ள முடியும். 17ஆம் நூற்றாண்டில் இதைக் கணக்காக வளர்த்தார்கள். ஒருமுறை வந்த வரிசை மறுபடி வரக்கூடாது. ஏழு மணிகள் இருந்தால் 5,040 வரிசைகள், அடித்து முடிக்கச் சுமார் மூன்று மணி நேரம். எட்டு மணிகள் இருந்தால் 40,320. அதை 1963இல் லஃப்பரோவில் எட்டுப் பேர் ஆள் மாறாமல் 17 மணி நேரம் 58 நிமிடம் நின்று அடித்து முடித்தார்கள். எல்லாம் மனப்பாடம், கையில் காகிதம் கிடையாது.

இரண்டாம் உலகப்போரில் 1940 ஜூனிலிருந்து மணி அடிக்கத் தடை. ஜெர்மன் படை இறங்கினால் மட்டும் அடிக்கலாம். 1942 நவம்பரில் எகிப்தின் எல் அலமெய்னில் கிடைத்த வெற்றிக்காக ஒருநாள் நாடெங்கும் அடிக்கவிட்டார்கள்.

முன்னோர்களைத் தேடுகிறவர்கள் ஏன் சர்ச் பதிவேட்டைக் கேட்கிறார்கள்?

1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் வாராவாரம் எழுத வேண்டும் என்று உத்தரவிட்டார். ஆரம்பத்தில் காகிதத்தில் எழுதினார்கள். 1598இல் தோல் தாளுக்குப் பெயர்த்தெழுதச் சொன்னபோது முதலாம் எலிசபெத் பட்டத்துக்கு வந்த 1558இலிருந்து எழுதினால் போதும் என்று விட்டதால், பல ஊர்களில் பதிவேடு அந்த ஆண்டில்தான் தொடங்குகிறது. ஷேக்ஸ்பியர் பிறந்த தேதி யாருக்கும் தெரியாது, 1564 ஏப்ரல் 26 ஞானஸ்நானம் என்ற ஸ்ட்ராட்ஃபோர்டு பதிவை வைத்துத்தான் ஏப்ரல் 23 என்று கொண்டாடுகிறார்கள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பதிவுகளில், பிணத்தைக் கம்பளித் துணியில் சுற்றிப் புதைத்ததாகச் சத்தியம் செய்த குறிப்பும் வரும். உள்ளூர்க் கம்பளி வியாபாரத்தைக் காப்பாற்றப் போட்ட சட்டம் அது, மீறினால் 5 பவுண்டு அபராதம், 1814இல்தான் ரத்தானது.

வயல் நடுவில் ஊரே இல்லாமல் சர்ச் மட்டும் நிற்கிறதே?

கொள்ளைநோயில் ஊர் அழிந்தது என்று உடனே சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் ஊர் மெல்ல மெல்லத்தான் காலியானது. யார்க்‌ஷயரின் வாரம் பெர்சி என்ற கிராமத்தில் 1950இலிருந்து நாற்பது வருஷம் தோண்டிப் பார்த்தார்கள். நோய்க்குப் பிறகும் அங்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள், 1500ஐ ஒட்டித்தான் உழவு நிலத்தை ஆட்டு மேய்ச்சலாக மாற்றிக் குடிகளை வெளியேற்றியிருக்கிறார்கள். மேலே ஒரு பதிலில் சொன்னபடி லேவனத்தையும் நார்த்லீச்சையும் உயர்த்திய அதே ஆட்டுரோமம் இங்கே ஊரைக் காலி செய்தது, இதையும் சேர்த்துத்தான் அந்த அழகான கோபுரங்களைப் பார்க்க வேண்டும்.

கார்ன்வாலின் செயின்ட் எனடாக்கை மணல் மூடிவிட்டது. வருமான உரிமை போகாமலிருக்க, வருஷத்துக்கு ஒருமுறை குரு கூரை ஓட்டை வழியாக இறங்கி ஆராதனை நடத்தினாராம். 1860களில் தோண்டி எடுத்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் ஏன் யூ மரம்?

யூ என்பது எப்போதும் பச்சையாக இருக்கும் ஊசியிலை மரம். அதை ஏன் வைத்தார்கள் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. இலை விஷம் என்பதால் மாடு உள்ளே வராது என்கிறார்கள், வில்லுக்கு என்கிறார்கள் (நல்ல வில்மரம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தது), சாகாத மரம் என்பதால் உயிர்த்தெழுதலின் அடையாளம் என்கிறார்கள். சில மரங்கள் பக்கத்துச் சர்ச்சைவிட வயதானவை. சர்ரேயின் க்ரோஹர்ஸ்டில் பொந்து விட்ட யூ மரத்துக்குக் கதவே போட்டிருக்கிறார்கள்.

சென்னையில் இந்த மரபைப் பார்க்க முடியுமா?

கோட்டைக்குள் உள்ள செயின்ட் மேரீஸ். 1680 அக்டோபர் 28இல் அர்ப்பணிக்கப்பட்டது, குண்டு விழுந்தாலும் தாங்கும்படி செங்கல்லால் வளைத்துக் கட்டிய கூரை. யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேலும் ராபர்ட் கிளைவும் கல்யாணம் செய்துகொண்ட இடம். வெளியே தரையில் பாவியிருக்கும் பழைய கல்லறைக் கற்களை நின்று படியுங்கள்.

இவற்றை யார் காப்பாற்றுகிறார்கள்? போனால் உள்ளே விடுவார்களா?

19ஆம் நூற்றாண்டில் புதுப்பிக்கிறோம் என்று பழைய பூச்சைச் சுரண்டி, பெஞ்சுகளைத் தூக்கி எறிந்து நிறைய நாசம் செய்தார்கள். அதைப் பொறுக்காமல் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார். பழுது பாருங்கள், பழைய மாதிரி போலியாகக் கட்டாதீர்கள் என்பது அவர் வாதம், இன்றும் அதுவே சரி என்று நினைக்கிறேன். வழிபாடு நின்றுபோன 350க்கும் மேற்பட்ட சர்ச்சுகளை 1969இல் தொடங்கிய ஒரு அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. மற்றவற்றுக்கு அந்தந்த ஊர்க்காரர்கள்தான் கூரை ஈயம் திருடுபோனாலும் தண்ணீர் ஒழுகினாலும் பணம் திரட்டுகிறார்கள்.

பெரும்பாலான கிராமச் சர்ச்சுகளுக்குக் கட்டணம் கிடையாது, பகலில் திறந்திருக்கும். பூட்டியிருந்தால் முன்மண்டபப் பலகையில் சாவி யாரிடம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். கதவு இறுக்கமாக இருந்தால் பூட்டு என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள், இரும்பு வளையத்தை நன்றாகத் திருகித் தள்ளுங்கள். சில சர்ச்சுகளில் கோடைகாலத்தில் காசு கட்டி இரவு தங்கவும் செய்யலாம். கையில் ஒரு டார்ச் எடுத்துப் போங்கள், சுவரில் பக்கவாட்டில் ஒளி பட்டால்தான் கீறல்கள் தெரியும். கிளம்பும்போது கதவை மூடுங்கள், திறந்து விட்டால் பறவை உள்ளே புகுந்து வெளியேற முடியாமல் செத்துப்போகும். வாசலுக்குப் பக்கத்தில் சுவரில் பதித்த உண்டியல் இருக்கும், முடிந்ததைப் போடுங்கள்.